சட்டாம்பிள்ளையா? முஈதா?

(தூத்துக்குடியில் கல்லூரி மாணவர்களும் வணிகர்களும் கூடிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அன்று அரங்கில் கேட்டவர்கள் சிலர். இன்று இதை வாசிக்கும் நீங்களோ பலர். ஆகவே வாசிக்கிற உங்களிடமே நேராகப் பேசுகிறேன். நீங்கள் கல்லூரி மாணவராக இருக்கலாம். கடைத்தெருவில் கல்லாவில் அமர்ந்தபடி இதைப் புரட்டும் வியாபாரியாக இருக்கலாம். இருவருக்கும் இதில் சொல்ல வேண்டிய செய்தி இருக்கிறது.

நம் ஊர்களில் கல்லூரிக்குப் போகாத வீடு குறைந்து வருகிறது. அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் போன பிள்ளை என்ன ஆனான் என்று கேட்டுப் பாருங்கள். "முதல் வருஷமே நாலு பேப்பர் அரியர். இங்கிலீஷ்ல நடத்துறாங்க, ஒண்ணும் புரியலேங்கிறான். கடைக்கு வந்துருடான்னு சொல்லிட்டேன்" என்கிறார் வாப்பா. பையன் தலையைக் குனிந்து தராசுக்குப் பின்னால் நிற்கிறான். அவன் அறிவில் குறையா? இல்லை. அவன் ஐயத்தை அவன் மொழியில், அவன் பக்கத்தில் அமர்ந்து, இரண்டாவது முறை விளக்கிச் சொல்ல ஓர் ஆள் இல்லை. குறை அதுதான்!

ஒரு வகுப்பில் 60 பேர். பேராசிரியர் ஒருவர். அவர் ஒருமுறை சொல்லிவிட்டுப் போகிறார். புரிந்தவன் எழுதிக்கொள்கிறான். புரியாதவன் எழுந்து கேட்க வெட்கப்படுகிறான். இந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். இந்த இடைவெளியில் நிற்க வேண்டியவர் யார்? அவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அவர் ஆசிரியர் அல்ல. வெறும் மாணவரும் அல்ல. ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவில் நின்று பாடத்தைக் கைமாற்றிக் கொடுக்கும் மூத்த மாணவர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இவரை டீச்சிங் அசிஸ்டென்ட் என்கிறார்கள். நாம் துணைக் கற்பிப்பாளர் என்று சொல்லிக்கொள்வோம்.

இது வெளிநாட்டுச் சரக்கா?

"இதெல்லாம் அமெரிக்காவில் நடப்பது, நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். சகோதரர்களே, சென்னை ஐ.ஐ.டி.யில் உதவித்தொகை பெற்று முதுகலைத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர் வாரம் 8 மணி நேரம் துறையின் கல்விப் பணிக்கு உதவ வேண்டும் என்பது விதி. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குவிதிகளில், ஆய்வு மாணவர்களுக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் வரை கற்பித்தல் அல்லது ஆய்வுத் துணைப் பணி கொடுக்கலாம் என்று எழுதப்பட்டிருக்கிறது. பயிற்சி வகுப்பு எடுப்பது, ஆய்வகத்தில் செய்முறையை நடத்துவது, மதிப்பிடுவது ஆகியவை அந்தப் பணி. ஆக, சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. நம் வட்டாரக் கலை அறிவியல் கல்லூரிகளில் படிக்கும் சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் துணை கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் கேளுங்கள். இந்த ஏற்பாட்டை அமெரிக்கா நமக்குக் கற்றுத் தரவில்லை. இதற்கு அரபியில் ஓர் அழகான பெயர் இருக்கிறது: முஈத்! திரும்பச் சொல்பவர் என்று பொருள். மதரஸாவில் ஓதியவர்களுக்குத் தக்றார் என்ற சொல் தெரியும். ஹஜ்ரத் ஸபக் நடத்திவிட்டுப் போன பிறகு மாணவர்கள் வட்டமாக அமர்ந்து, நன்றாக விளங்கிய ஒருவர் திரும்பச் சொல்ல, மற்றவர்கள் கேட்டுத் திருத்திக்கொள்வது. அந்தப் பழக்கத்தின் வேர் முஈத் என்ற பதவியில் இருக்கிறது.

பாக்தாதில் கி.பி. 1067-ல் நிஜாமிய்யா மதரஸா திறக்கப்பட்டது. அங்கே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் முஈதாக வேலை செய்தவர் மோசுல் நகரத்து பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத். பின்னாளில் அவர் யாரானார் தெரியுமா? சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் படைக்குக் காஜி ஆனார். அந்த மாவீரரின் வரலாற்றை அருகிலிருந்து பார்த்து எழுதியவரும் அவரே! பாடத்தைத் திரும்பச் சொல்லிப் பழகியவர் ஒரு பேரரசின் நீதியைத் தாங்கினார்.

அதே பாக்தாதில் 1234-ல் முஸ்தன்ஸிரிய்யா மதரஸா தொடங்கியது. நான்கு மத்ஹபுகளுக்கும் தனித்தனிப் பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் 62 மாணவர்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு முதர்ரிஸ், அவருக்குக் கீழே நான்கு முஈதுகள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 15 மாணவருக்கு ஒரு முஈத்! இன்று 60 பேருக்கு ஒருவர் என்று நிற்கிறோம். எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னால் நம் முன்னோர் 15 பேருக்கு ஒருவர் வைத்திருந்தார்கள். முன்னேறியிருக்கிறோமா, பின்னேறியிருக்கிறோமா?

பயணி இப்னு பதூதா 1327-ல் அங்கே போனார். முதர்ரிஸ் கறுப்பு உடையும் தலைப்பாகையும் அணிந்து, மரப் பந்தலின் கீழே அமைதியாக அமர்ந்திருக்கிறார்; வலப்புறம் ஒரு முஈத், இடப்புறம் ஒரு முஈத்; அவர் சொல்லச் சொல்ல இவர்கள் திரும்பச் சொல்கிறார்கள் என்று தாம் கண்டதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த இப்னு பதூதா பின்னர் இலங்கையிலிருந்து கடல் கடந்து நம் மஅபர் கரைக்கும் வந்தார் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தக் கடற்கரைக்கும் அந்தப் பாடசாலைக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பது போல் அதிகமல்ல.

14-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்த இமாம் தாஜுத்தீன் சுப்கி ஒரு நூலில், ஆட்சியாளர் முதல் அன்றாடத் தொழிலாளி வரை ஒவ்வொருவரின் கடமையையும் வகுத்து எழுதினார். அதில் முஈதுக்கும் இடம் கொடுத்தார். மற்ற மாணவர் போலப் பாடத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போவது முஈதுக்குப் போதாது. சிலருக்காவது விளங்க வைக்க வேண்டும். திரும்பச் சொல்பவர் என்ற பெயருக்கு உரிய வேலையைச் செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. செய்யாதவருக்கு அந்தப் பெயர் எதற்கு? இன்றைக்கும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

திண்ணையிலிருந்து இலண்டனுக்கு

நம் தமிழ் மண்ணிலும் இது இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவர். மூத்த பையன் சட்டாம்பிள்ளை. சின்னப் பிள்ளைகளை மணலில் விரலால் எழுத வைப்பதும், மனப்பாடம் கேட்பதும் அவன் வேலை.

சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. 1789-ல் அதை நடத்தும் பொறுப்புக்கு வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யுமாறு துணை ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் மறுத்தார்கள். உடனே எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பொறுப்பில் வைத்தார். அவன் பெயர் ஜான் ஃபிரிஸ்கென். பெரியவர்கள் முடியாது என்றதை அந்தப் பையன் செய்து காட்டினான்! மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் அந்த ஏற்பாட்டை பெல் 1797-ல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அதற்கு வந்த பெயர் என்ன? மெட்ராஸ் முறை! நம் தலைநகரின் பெயரில் அது உலகம் சுற்றியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல்லின் பணத்தில் எழுந்த பள்ளியின் பெயர் இன்றும் மெட்ராஸ் காலேஜ்தான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதே பாணியில் பள்ளி நடத்தினார். ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள், நடுவில் சின்னஞ்சிறு மானிட்டர்கள். பார்த்தவர்கள் வியந்தார்கள். ஏன் வியந்தார்கள்? செலவு குறைவு! கல்வியைக் காட்டிலும் கணக்குதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது. விளைவு என்ன? கிளிப்பிள்ளைப் பாடம். தனக்கே விளங்காததைப் பத்து வயதுப் பையன் எட்டு வயதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தான். கடைசியில் 1846-ல் இங்கிலாந்து அரசு வேறு வழிக்கு வந்தது. 13 வயது நிரம்பிய மாணவனைத் தேர்ந்து, தலைமையாசிரியரிடம் ஐந்து ஆண்டு பயிற்சிக்கு வைத்து, அவனுக்குப் பாடமும் சொல்லி, சம்பளமும் கொடுக்கும் திட்டம் அது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் இரண்டு. ஒன்று: மாணவன் மாணவனுக்குக் கற்பிப்பது நடக்கக்கூடிய காரியம். இரண்டு: ஆசிரியரை மிச்சப்படுத்துவதற்காக அதைச் செய்தால் அது கெட்டுப்போகும்.

சட்டாம்பிள்ளை என்ற சொல்லுக்கு இன்று என்ன பொருள்? "பெரிய சட்டாம்பிள்ளை மாதிரி பேசாதே" என்கிறோம். அதிகாரம் செய்பவன், பிரம்பைக் கையில் வைத்திருப்பவன் என்ற பொருள்தான் மிஞ்சியது. கற்பித்தவன் என்ற பொருள் தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? அதை நான் என் கதையிலிருந்தே சொல்கிறேன்.

என் கையில் இருந்த பிரம்பு

எனக்கு அப்போது 17 வயது. ஒரு மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம், குற்றம் மதரஸாவுடையதல்ல, என்னுடையது. ஹஜ்ரத் என்னை நம்பி 11 சிறுவர்களை ஒப்படைத்தார். மஃரிபுக்குப் பிறகு அவர்களுக்கு ஸர்ஃபுப் பாடத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும். அவர்களில் கடற்கரை ஊர்ப் பையன் ஒருவன். பேசும்போது வாய் திக்கும். ஆனால் கேள்வி கேட்பான். ஒருநாள் ஒரு வினைச்சொல் ஏன் இந்த வாய்பாட்டில் வராமல் வேறு மாதிரி வருகிறது என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்தேன்? அவனை எழுந்து நிற்கச் சொல்லி, அவன் திக்கியதைப் போலவே திக்கிக் காட்டினேன். பத்துப் பேரும் சிரித்தார்கள். என் அறியாமை அந்தச் சிரிப்பில் மறைந்துகொண்டது.

அடுத்த வாரம் அவன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். "ஏன் போனான்?" என்று ஹஜ்ரத் கேட்டார். "அவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்றேன். ஹஜ்ரத் என்னை நம்பினார். சகோதரர்களே, நான் செய்ததில் எது பெரிய குற்றம் என்று பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். கேலி செய்தது சிறுபிள்ளைத்தனம். ஹஜ்ரத்திடம் சொன்ன அந்த ஒரு வரிதான் ஒரு பையனின் ஓதலை முடித்தது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அன்றே ஆள் அனுப்பி அவனைத் திரும்ப அழைத்திருப்பார்.

சில மாதங்களுக்கு முன் தூத்துக்குடி பழைய துறைமுகத்தில், தோணியில் சரக்கு ஏற்றும் இடத்தில் ஒருவர் என் கையைப் பிடித்தார். நரைத்த தாடி. தோணித் தண்டல். என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். அவரேதான்! நான் அழுதுவிட்டேன். அவர் சிரித்தார். "ஆலிம்சா, அன்னைக்கு நான் கேட்டதுக்குப் பதில் இப்பவாவது தெரியுமா?" என்றார். அங்கேயே, மூட்டைகளுக்கு நடுவில் நின்று, அந்த வாய்பாட்டை விளக்கினேன். கவனமாகக் கேட்டார். "இவ்வளவுதானா?" என்றார்.

இவ்வளவுதான்! ஐந்து நிமிட வேலை.

பிறகு அவர் சொன்னதுதான் இந்த உரைக்குக் காரணம். "என் மகன் காலேஜ்ல சேர்ந்திருக்கான். முதல் வருஷம். கணக்குல ரெண்டு அரியர். யாராவது பெரிய பையன் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தா தேறிடுவான். நல்ல ஆளாப் பாத்துச் சொல்லுங்க ஆலிம்சா. உங்களை மாதிரி ஒருத்தன் கையில மட்டும் மாட்டிவிட்டுராதீங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துணைக் கற்பிப்பாளரின் கடமைகள்

அந்தத் தண்டலின் மகனுக்கு நீங்கள் துணைக் கற்பிப்பாளராகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் நான் கேட்பது இவை:

1. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மதீனாவின் பேரறிஞர் இமாம் மாலிக் அவர்களிடம் தொலைவிலிருந்து பயணம் செய்து வந்து கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு "எனக்குத் தெரியாது" என்றே பதில் சொன்னதாக வரலாறு உண்டு. அவருக்குக் குறையாத மதிப்பு உங்களுக்கா குறைந்துவிடும்? "நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நாளைக்குச் சொல்லுங்கள்.

2. அவன் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதக் கொடுப்பதும், அசைன்மென்ட்டை எழுதித் தருவதும் உதவி அல்ல. அது அவன் கையை வெட்டுவது. வழியைக் காட்டுங்கள், எழுத வேண்டியவன் அவன். விடையைச் சொல்லாமல் அடுத்த கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள். "இது வரைக்கும் எப்படி வந்தாய்?" என்று கேட்டால், அவன் எங்கே வழுக்கினான் என்பது உங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

3. மதிப்பெண் அமானிதம். ஆசிரியர் உங்களிடம் விடைத்தாளைத் திருத்தக் கொடுத்தால் அது அடகுக் கடையில் வைத்த நகை போன்றது. ஒரு குன்றிமணி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. என் ஊர்க்காரன், என் ஜமாஅத்துக்காரன் என்று அரை மதிப்பெண் கூட்டினால் அது திருட்டு. யாருடைய மதிப்பெண்ணையும் அடுத்தவனிடம் சொல்லாதீர்கள். கேள்வித்தாள் கண்ணில் பட்டால் நாவைப் பூட்டிக்கொள்ளுங்கள்.

4. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே முகம் காட்டுங்கள். உங்கள் வட்டத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளை வருவான். உப்பளத் தொழிலாளி மகள் வருவாள். வெவ்வேறு மதத்தார், வெவ்வேறு சாதியார் வருவார்கள். பத்ரில் சிறைப்பட்ட எதிரிகளில் எழுதத் தெரிந்தவர்கள், மதீனாவின் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தால் அதுவே விடுதலைக்கு ஈடு என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. எதிரியிடமிருந்தும் கல்வியைப் பெறலாம் என்று கண்ட சமுதாயம், தன் கல்வியை அண்டை வீட்டானுக்குத் தர மறுக்கலாமா?

5. கண்ணியம் காத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மாணவர்தான், ஆனாலும் உங்கள் கையில் சிறு அதிகாரம் இருக்கிறது. உங்களிடம் பாடம் கேட்க வரும் மாணவியின் தொலைபேசி எண் பாடத்துக்கு மட்டும். இரவு நேரச் செய்தி, வேண்டாத கேலி, சலுகைக்குப் பதில் சலுகை எதுவும் கூடாது. திறந்த இடத்தில், பலர் இருக்கும் நேரத்தில் வகுப்பை வையுங்கள். மாணவிகளுக்கு மூத்த மாணவிகளே பொறுப்பேற்றால் இன்னும் சிறப்பு. நம் சகோதரிகளில் அதற்குத் தகுதியானவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

6. ஆசிரியரிடம் எதையும் மறைக்காதீர்கள். யாருக்கு எது விளங்கவில்லை, யார் வராமல் போனார், எந்தப் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும் என்பதை வாரம் ஒருமுறை போய்ச் சொல்லுங்கள். உங்கள் தவறையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் அன்று மறைத்தது இதைத்தான்.

7. உங்கள் படிப்பை விட்டுவிடாதீர்கள். துணைக் கற்பிப்பாளரே அரியர் வைத்தால் யார் அவரை நம்புவார்? வாரத்துக்கு இவ்வளவு மணி நேரம் என்று எல்லை கட்டுங்கள். ஒன்றை மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரு பாடத்தைப் பிறருக்குச் சொல்லும்போதுதான் அது நமக்கே விளங்குகிறது.

வணிகப் பெருமக்களுக்கு

கடமையைப் பேசிவிட்டு உரிமையைப் பேசாமல் போனால் அது அநீதி. மாணவன்தானே, சும்மா செய்யட்டும் என்று கல்லூரி நிர்வாகங்கள் நினைக்கக்கூடாது. 2022 நவம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் துணைக் கற்பிப்பாளர்கள் உள்ளிட்ட ஏறத்தாழ 48,000 கல்விப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வாடகை கொடுக்கவே சம்பளம் போதவில்லை என்பது அவர்களின் குறை. வகுப்பை இவர்கள் எடுக்கிறார்கள், விடைத்தாளை இவர்கள் திருத்துகிறார்கள், பெயர் மட்டும் பேராசிரியருக்கு என்ற நிலை அங்கேயும் இருக்கிறது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அறிவுழைப்பின் வியர்வை கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதற்காகக் கூலியை மறுக்கலாமா?

இன்னொரு எச்சரிக்கை. ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறதா? அதை நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். துணைக் கற்பிப்பாளரைக் காட்டி அந்த இடத்தை அப்படியே விட்டுவிட யாரையும் அனுமதிக்காதீர்கள். லங்காஸ்டர் பள்ளியில் நேர்ந்தது நம் ஊரில் நேர வேண்டாம். முஸ்தன்ஸிரிய்யாவில் நான்கு முஈதுகள் இருந்தார்கள், முதர்ரிஸும் இருந்தார்!

கணக்கு உங்களுக்குக் கைவந்த கலை. ஆகவே கணக்காகவே சொல்கிறேன். ஒரு ஊரில் ஆறு மூத்த மாணவர்கள். ஆளுக்கு வாரம் 4 மணி நேரம். மணிக்கு 100 ரூபாய். வாரத்துக்கு 2,400 ரூபாய். கல்வியாண்டில் 32 வாரம் நடத்தினால் 76,800 ரூபாய். ஓர் ஆளுக்குப் பத்துப் பேர் என்றால் 60 பிள்ளைகள் பயன் பெறுவார்கள். பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,280 ரூபாய்! நம் கல்யாணங்களில் பந்தலுக்கும் விளக்குக்கும் ஒரே இரவில் எவ்வளவு போகிறது என்று உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வேண்டியதில்லை.

இடத்துக்குப் பஞ்சமா? மஃரிபுக்குப் பிறகு பூட்டிக் கிடக்கும் மக்தபுக் கூடம் போதும். ஒரு கரும்பலகை, ஒரு வருகைப் பதிவேடு. கணிதம், ஆங்கிலம், கணக்குப் பதிவியல் ஆகிய மூன்றில் தொடங்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கல்லூரிப் பேராசிரியர் ஒருவரை அழைத்துத் துணைக் கற்பிப்பாளர்களுக்கே பாடம் நடத்தச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசு 2021-ல் பள்ளிப் பிள்ளைகளுக்காக இல்லம் தேடிக் கல்வி என்று தொடங்கி, தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. தெருவில் அமர்ந்து பாடம் சொல்ல ஆள் கிடைப்பார்கள் என்பதற்கு அதுவே சான்று. பள்ளிப் பிள்ளைக்கு அரசு செய்ததைக் கல்லூரிப் பிள்ளைக்கு நாம் செய்யக்கூடாதா?

கயிறு பிடிப்பவர்

கடைசியாக ஒன்று. 1961-க்குப் பிறகு நம் கடலில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அந்தப் பார்களில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். கீழக்கரை முஸ்லிம்களும் தூத்துக்குடிப் பரதவர்களும் அருகருகே குளித்த கடல் இது.

குளிப்பவர் கல்லில் கால் வைத்து அடியாழத்துக்குப் போவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஏன்? கீழே இருப்பவர் மேலே வராவிட்டால், கயிறு பிடித்தவரின் உடன்பிறந்தவள் கழுத்துக் கருகமணி அறுபடும்! அவ்வளவு அக்கறையுள்ள கைதான் அந்தக் கயிற்றைப் பிடிக்கலாம்.

அவர் குளிப்பவருக்குப் பதிலாகக் கடலில் குதிப்பதில்லை. முன்கூட்டியே இழுத்தால் பை காலியாக வரும். தாமதித்தால் உயிர் போகும். கண்ணைக் கயிற்றிலேயே வைத்திருந்து, கீழிருந்து அசைவு வந்த நொடியில் இழுப்பார். இளைஞர்களே, துணைக் கற்பிப்பாளரின் வேலையும் இதுதான்.

எனக்கு 17 வயதில் ஒரு கயிறு கொடுக்கப்பட்டது. கீழிருந்து ஒரு பையன் அசைத்தான். நான் கயிற்றை விட்டுவிட்டேன். அவன் தன் பலத்தால் கரையேறித் தண்டலாகிவிட்டான். அது அல்லாஹ்வின் அருள், என் திறமையல்ல.

இப்போது அவருடைய மகன் முதலாண்டு முடிக்கும் தறுவாயில் இருக்கிறான். கணிதத்தில் இரண்டு தாள்கள் பாக்கி. இன்னும் அவனுக்கு ஆள் கிடைக்கவில்லை. வாரம் இரண்டு மாலை போதும் என்கிறார் அவன் வாப்பா. கணிதம் படித்த, பொறுமையுள்ள, தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்காத ஒரு மூத்த மாணவர் வேண்டும். இதை வாசிப்பவர்களில் அப்படி ஒருவர் இருந்தால், வருகிற வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் தன் பள்ளிவாசல் வாசலில் நின்று, நாலு முதலாண்டு மாணவர்களைப் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்த நால்வரில் தண்டலின் மகன் இல்லாமல் போகலாம். அவனைப் போன்ற ஒருவன் நிச்சயம் இருப்பான்.

அல்லாஹ் நம் கைகளைக் கயிற்றை விடாத கைகளாக ஆக்கி வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.